ஐந்து மாத இடைவெளி

மெட்ராஸ் விசா ஆபீசிலிருந்து வந்த கடிதத்தில் பாக்கியமேரிக்குப் புரிந்தது தன் பெயரும் இரண்டு பிள்ளைகளின் பெயரும்தான். கனடாவில் சமையல் வேலை பார்க்கும் கணவன் சாமுவேலிடம் போய்ச் சேர, மூன்று வருஷமாகக் காத்திருந்த கடிதம் அது.

பக்கத்து வீட்டுச் சுலோச்சனா உத்திரமேரூரில் சாயங்கால டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறவள். இரண்டு தரம் படித்துவிட்டு, "இல்லன்னுட்டாங்கக்கா" என்றாள்.

"அது உன் மூஞ்சியிலயே தெரியுது. ஏன் இல்லன்றாங்க, அத்தப் படி."

காரணம் பள்ளிச் சான்றிதழில் இருந்தது. தானியேல் பிறந்தது 1971 ஜனவரி. எஸ்தர் பிறந்தது அதே வருஷம் ஜூன். ஐந்து மாத இடைவெளியில் ஒரே தாய்க்கு இரண்டு பிள்ளைகள் எப்படி? ஆகவே இது உண்மையான குடும்பம் என்று நம்புவதற்கில்லையாம்.

பாக்கியமேரி விரல்விட்டு எண்ணினாள். சிரிப்பு வந்துவிட்டது.

"ஆடுதான் அஞ்சு மாசத்துல குட்டி போடும். நம்மள ஆடுன்னு நெனச்சிருந்தா வுட்டிருப்பாங்க."

"சிரிக்காதக்கா. நெஜத்துல எஸ்தர் எப்போ பொறந்தா?"

"அடுத்த வருசம் பங்குனில."

அப்புறம் ஜூன் எங்கிருந்து வந்தது? யோசித்தவளுக்கு முகம் சுருங்கியது. தானியேலைப் பள்ளியில் சேர்த்த அன்று நாலு வயது எஸ்தரையும் இடுப்பில் தூக்கிப் போயிருந்தாள். கையைத் தலைக்கு மேல் சுற்றி மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று கணக்கு. எஸ்தருக்கு எட்டவில்லை. வாத்தியார் மை தொட்டுக்கொண்ட நேரத்தில் பாக்கியமேரி பிள்ளையின் தலையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டாள். தொட்டுவிட்டது. வாத்தியார் ஜூன் ஒன்று என்று எழுதினார்.

"புது ஆதாரம் இருந்தா திரும்ப மனு போடலாம்னு கீழ போட்டிருக்காங்கக்கா."

மறுநாள் இருவரும் பஸ் ஏறி மானாம்பதி சர்ச்சுக்குப் போனார்கள். ஞானஸ்நானப் புத்தகத்தில் எஸ்தரின் பிறப்பு 1972 மார்ச் 19 என்று இருந்தது. போதகர் நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வகுப்புக்குப் பாக்கியமேரியும் கூடப் போனாள். வகுப்பு முடிந்ததும் மனுவை அடிக்க மிஷினில் காகிதம் செருகிய சுலோச்சனா தயங்கினாள்.

"நீ பொய் சொன்னது தெரிஞ்சா மத்த எதையும் நம்ப மாட்டாங்க. வாத்தியார் தப்பா எழுதிட்டார்னு அடிச்சிடட்டா?"

அப்படி அடித்தால் சுலபம்தான். ஆனால் அவர்கள் வாத்தியாரைக் கேட்டால்? அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் சர்ச்சுப் புத்தகத்தில் இருக்கும் தேதியும் பொய்யாகிவிடும். எஸ்தர் யார் பெண் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

"வேணாம். நான்தான் தலைய சாச்சேன்னு அடி."

"ஏன் சாச்சேன்னு கேப்பாங்களே?"

"நடவுக்குப் போனா இவள யாரு பாத்துக்குவா? பள்ளிக்கூடத்துல அண்ணன்கூட குந்திக்கினு இருப்பா, மதியத்துக்குச் சோறும் கெடைக்கும். அத்தயும் அடி."

சுலோச்சனா நாலு தரம் அடித்து, மூன்று தரம் கிழித்தாள்.

"அடிச்சத தமிழ்ல சொல்லு. வூட்ல யாருமே இல்லன்றது வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"சோறு?"

"அதுவும்தான்."

"பேனாவக் குடு" என்றாள் பாக்கியமேரி.