மூன்றாம் வரியில் ஒரு பொம்பர் மேஜர்

1

கிட்ட வாங்கோ பிள்ளையள். கதிரையை இழுத்துப் போடுங்கோ, ரெலிபோனைக் கவிழ்த்து வையுங்கோ. ஒரு கதை சொல்லப் போகிறேன். முழுக்கதை என்று சத்தியம் பண்ணமாட்டேன். என் கையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் உங்களுக்குத்தான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இது நான் தேடிப்போன கதை இல்லை. ரூ காய் என்கிற எங்கள் தமிழ்க்கடைத் தெருவில், கடை வாசலில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது பேர்ளி வந்து என் கையைப் பிடித்தாள்.

“அன்ரி, ஒரு விசயத்தைக் கதையா எழுதித் தருவியளோ? முடிவோட வேணும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் வேணும்.”

“கதைக்கு என்னடி நாள் குறிப்பு?”

“முடிவு தெரிஞ்சால்தான் துண்டில பேர் எழுதலாம்.”

பேர்ளி மன்னார்ப் பிள்ளை. பிள்ளை என்கிறேன், வயது ஐம்பத்தாறு. நடக்கமாட்டாத கிழவிகளை அவரவர் வீட்டிலேயே பராமரிக்கிற வேலை. துண்டு என்று அவள் சொன்னது, சேர்ச்சில் நவம்பர் மாதத் தமிழ்ப் பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பதற்காக எழுதிக் கொடுக்கிற கடுதாசி. வீட்டுக்கு ஒரு துண்டு, துண்டுக்கு மூன்று வரி. நாலாவது பெயர் எழுதினால், அதைச் சேர்க்கிற றொஷானி பேனையால் வெட்டிவிடுவாள். மோட்சத்துக்கே வரிசை போடுகிற பொம்பிளை.

பேர்ளிக்கு முதல் வரி தங்கச்சி றஜனி. இரண்டாம் வரி புருசன் லோறன்ஸ். மூன்றாம் வரியில்தான் இந்தக் கதை கிடந்து உழல்கிறது.

2

முதல் தொடக்கம்:

“1937 ஆம் ஆண்டு, இருபத்தைந்து வயது லெப்டினன்ட் வெர்னர் ஹால்ஸ்டெட், ஸ்பெயின் நாட்டு வானத்திலிருந்து கீழே பார்த்தபோது அந்த ஊர் ஒரு”

ஒரு என்ன? தீப்பெட்டி? கோலம்? எழுத வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். குண்டு போடுகிற பொம்பர் விமானத்தை நான் கீழே நின்றுதான் பார்த்திருக்கிறேன். மேலேயிருந்து ஊர் எப்படித் தெரியும் என்று என்னிடம் கேட்காதீர்கள். (பெயரை மாற்றியிருக்கிறேன். அந்த மனிதரின் சொந்தக்காரர் யாராவது இந்த நகரத்தில் பாண் வாங்கிக்கொண்டு திரியலாம்.)

இரண்டாம் தொடக்கம், இது கொஞ்சம் பரவாயில்லை:

போன வருசம் நவம்பரில், மதாம் இங்கெயின் குசினி மேசையில் வைத்துப் பேர்ளி துண்டு எழுதிக்கொண்டிருந்தாள். மதாமுக்கு எண்பத்தாறு வயது. ஜேர்மன்காரி, பிரெஞ்சுக்காரனைக் கட்டி இந்த லா சப்பல் பகுதிக்கு வந்து அறுபது வருசம். இது என்ன கடுதாசி என்று கேட்டாள். பேர்ளி விளக்கினாள்.

“ஒரு வரி மிச்சம் இருக்கே” என்றாள் மதாம். “என் அப்பாவின் பெயரை எழுதேன். அவருக்காக யாரும் செபிப்பதில்லை.”

“உங்கட அப்பா என்ன வேலை செய்தவர், மதாம்?”

“தபால் கந்தோரில்.”

தபால்காரனுக்குச் செபிக்காமல் வேறு யாருக்குச் செபிப்பது? பேர்ளி எழுதிவிட்டாள். றொஷானி துண்டை வாங்கிப் பார்த்து, “இதென்னக்கா வெள்ளைக்காரப் பேர்? எங்களுக்குத் தெரியாம ஒரு மச்சான் வச்சிருந்தனீங்களோ?” என்று கண்ணடித்தாள். பூசையில் வாசிக்கிறவர் அந்தப் பெயரில் இரண்டு தரம் தடக்கி எழும்பினார். றஜனிக்கும் லோறன்சுக்கும் பிறகு வெர்னர் ஹால்ஸ்டெட். சனம் முழுவதும் எழுந்து நின்று அவருக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டது.

3

இந்தச் செப்டம்பரில் மதாம் கண்ணை மூடினாள். அதற்கு இரண்டு நாள் முன்னம், பேர்ளியின் கையைப் பிடித்து, “இந்த வருசமும் எழுது. எனக்கு வேண்டாம், அவருக்கு எழுது” என்று கேட்டாள். பேர்ளி ஓம் என்று வாக்குக் கொடுத்தாள். வீட்டைக் காலி செய்தபோது, பேர்ளிக்கென்று பேர் ஒட்டிய ஒரு பிஸ்கட் ரின் கிடைத்தது. உள்ளே மதாமின் அப்பாவுடைய ஒரு பழைய கொப்பி. கட்டம் போட்டு, திகதி போட்டு, முத்து முத்தான எழுத்து.

பேர்ளியின் மகன் கிங்ஸ்டனுக்கு சென் தெனியில் ஒரு கந்தோரில் வேலை. ரெலிபோனைக் கொப்பிக்கு மேல் பிடித்தால் அது ஜேர்மனைப் பிரெஞ்சாக்கும். பிரெஞ்சைக் கிங்ஸ்டன் தமிழாக்குவான். இங்கே வளர்ந்த பிள்ளையின் தமிழ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

“அம்மா, இவர் தபால் இல்லை. இவர்... பொம்பர்.”

“பொம்பரில தபால் கொண்டு போனவரோ?”

“இல்லையம்மா. குண்டு. எல்லாம் குண்டு. தபால் வேலை சண்டைக்குப் பிறகுதான் இருக்கும்.”

உத்தியோகத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். கொப்பியும் சுருக்கமாகத்தான் சொல்கிறது. ஸ்பெயினில் லெப்டினன்ட். போலந்தில் ஒன்பது பறப்பு. 1940 இல் கப்டன், லண்டன் மேலே முப்பத்தொரு தரம். 1941 இல் மேஜர், முப்பது பொம்பர்களுக்குத் தலைவர், ரஷ்யா. ஒரு பதக்கம், பிறகு இன்னொன்று. 1944 இல் எழுத்து நின்றுவிடுகிறது. 1971 இல் கட்டிலில் செத்தார்.

கொப்பியில் இறந்தவர்களைக் கணக்கு வைக்க ஒரு நிரல் இல்லை. விமான எண்ணெய்க்கு இருக்கிறது.

4

இனித்தான் குழப்பம். நான் எழுதி எழுதிக் கிழித்த இடம் இதுதான்.

குண்டு போடாமல் திரும்பிய நாட்களுக்கெல்லாம் மேஜர் காரணம் எழுதியிருக்கிறார். முகில். இயந்திரக் கோளாறு. எண்ணெய் போதாது. ரஷ்யாவில் ஒரேயொரு நாளுக்கு மட்டும் இப்படி: “நகரத்தின் மேலே இரண்டு தரம் சுற்றினோம். போடவில்லை. திரும்பினோம்.” காரணம் இல்லை.

பார்த்தவுடன் எனக்குள் இருக்கிற கதைக்காரி துள்ளினாள். அந்த மனிதர் கீழே எதையோ கண்டிருக்கிறார்! கொடியில் காயப்போட்ட சின்னச் சட்டையோ, கோயில் முற்றத்தில்

இல்லை. அவ்வளவு உயரத்திலிருந்து சட்டை தெரியாது. வெட்டிவிட்டேன். ஆனாலும் ஏதோ ஒரு இரக்கம் இருந்திருக்கலாம்தானே என்று பேர்ளியிடம் கேட்டேன்.  அவள் சொன்னாள்:

“எங்கட ஊரிலயும் பொம்பர் இரண்டு தரம் சுத்தினது, அன்ரி. நாங்கள் பங்கருக்குள்ள. சத்தம் தேஞ்சு தேஞ்சு போயிட்டுது. நான்தான் முதல்ல ஏறினனான். ‘அவன் போயிட்டான், வா வெளியில’ எண்டு றஜனியைக் கூப்பிட்டதும் நான்தான்.”

மூன்றாம் தரம் அது கடல் பக்கமாக வந்தது.

நாங்கள் எல்லோரும் அந்தப் பிழையைச் செய்திருக்கிறோம். சத்தம் நின்றால் விமானம் போய்விட்டது என்று நம்புகிற பிழை. பேர்ளி செய்தபோது வெளியே வந்தது றஜனி, பதினேழு வயது.

“கொப்பியில அடுத்த நாள் என்ன எழுதியிருக்கு எண்டு கிங்ஸ்டனைக் கேட்டனியோ?”

“கேட்டன். இரண்டு நாள் கழிச்சு, அதே ஊர். ‘வானம் தெளிவு. எல்லாவற்றையும் போட்டோம்.’”

5

அப்படியென்றால் அந்த இரண்டு நாளை நான் என்ன செய்ய? அந்த இரண்டு நாளில் சிலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுத் தப்பியிருப்பார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கு எங்கேயோ தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கலாம். சிலர், அவன் போய்விட்டான் என்று வீட்டுக்குத் திரும்பி வந்து அடுப்பு மூட்டியிருப்பார்கள். ஒரே இரண்டு நாள்தான். அது இரக்கமா, கண்ணியா? மேஜருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. மதாமுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால், அத்தனை பேர் இருக்க, ஏன் கொப்பியை, குண்டுக்குத் தங்கச்சியைக் கொடுத்த பேர்ளிக்கு விட்டுப்போனாள்? (அல்லது வேறு ஆள் இல்லாததால் விட்டிருக்கலாம். எனக்கு இதுவும் தெரியாது.)

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் பேர்ளி அவர் பெயரை எழுதுகிறாள். சாகக் கிடந்தவளுக்குக் கொடுத்த வாக்கு. வாசித்துக் காட்டினேன். “றஜனிக்குப் பக்கத்தில அவரை எப்பிடி நிக்க வைக்கிறது, அன்ரி?” என்றாள்.

இரண்டாவதில் எழுதாமல் விடுகிறாள். “வெளியில கூப்பிட்டவள் நான். அவருக்கு மன்னிப்புக் கேக்கேலாதெண்டால் எனக்கு ஆர் கேக்கிறது?” என்றாள்.

மூன்றாவதில் அந்த ரஷ்ய ஊரின் பெயரை எழுதுகிறாள். எனக்கு அது நல்லாய்ப் பிடித்தது. “அது வடிவான முடிவு” என்றாள் பேர்ளி. “வடிவா இருக்கிறதாலதான் பயமா இருக்கு. வாக்குக் குடுத்தது ஊருக்கு இல்லையே.”

6

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. நான் முடிவு இல்லாமல்தான் பூசைக்குப் போனேன். பேர்ளி கடைசி வாங்குப் பலகையில் இருந்தாள், முழங்காலில் துண்டு. றஜனி. லோறன்ஸ். மூன்றாம் வரியில் பேனை முனை ஊன்றி, ஒரு புள்ளி மட்டும் ஊறிப் பெருத்துக்கொண்டிருந்தது.

றொஷானி துண்டு சேர்க்கிற பையோடு வந்து நின்றாள். “என்னக்கா, இந்த வருசம் மச்சான் இல்லையோ?”

பேர்ளி சிரிக்கவில்லை. றொஷானியின் முகமும் மாறிவிட்டது. பையை மடித்து, “பரவாயில்லை, ஆறுதலா எழுதுங்கோ. நான் நிக்கிறன்” என்றாள். மோட்சத்துக்கு வரிசை போடுகிறவள் வாழ்க்கையில் முதல்தரம் காத்து நின்றாள். பேர்ளி என் பக்கம் திரும்பி, பேனையை நீட்டினாள்.

நான் வாங்கவில்லை, பிள்ளையள். எழுபத்தெட்டு வயதில் எனக்குத் துணிவு அவ்வளவுதான். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். பேனை திரும்பவும் துண்டுக்குப் போனது. அவள் எழுதத் தொடங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். பெயர்கள் வாசிக்கிற நேரம் வெளியே போய் நின்றேன்.

ஆகவே மூன்றாம் வரி உங்களிடம் இருக்கிறது. வாக்கையும் பாருங்கோ, றஜனியையும் பாருங்கோ, அந்த இரண்டு நாளையும் பாருங்கோ. பிறகு எழுதுங்கோ, எதை எழுதினாலும் நான் வெட்டமாட்டேன்.

உங்கள் வீட்டுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். உங்கள் கூரைக்கு மேலே போகிற விமானமெல்லாம் பெட்டியும் பிள்ளைகளுமாக வீட்டுக்கு வருகிற விமானமாகவே இருக்கட்டும். உங்கள் வாசலில் நின்று “வா வெளியில” என்று யாராவது கூப்பிட்டால், வெளியே நல்ல வெயில் எறிக்கட்டும்.