பச்சைப் பலகையில் ஒரு பெயர்

நிறஞ்சலாவின் கணவர் அமிர்தநாயகம் வீட்டிலிருந்த ஒரேயொரு கதிரையைத் தான் உடுத்திருந்த சாரத்தின் நுனியால் துடைத்து முற்றத்தில் போட்டார். றொஷான் அதில் உட்காரவில்லை. மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்திவிட்டு, நின்றபடியே விபத்துப் பதிவேட்டை நீட்டினான்.

"நிறஞ்சலாக்கா, இதில ஒரு கையெழுத்து மட்டும் வையுங்கோ. நாளைக்குக் காலமை தொழில் கந்தோர் ஐயா விசாரிக்க வாறார்."

தாழ்வுபாட்டுக் கிராமத்து நண்டுத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளன் அவன். மூன்று வருடமாக "ஏய் நிறஞ்சலா" என்று கூப்பிட்டவனுக்கு இன்றைக்கு அவள் அக்காவாகிவிட்டாள். காரியம் வந்தால் முறையும் தானாக வந்துவிடுகிறது.

அவள் பதிவேட்டை வாங்கி வாசித்தாள். பெற்றிசியா, வயது இருபத்துநாலு. ஐஸ் உடைக்கும் இயந்திரத்தில் வலது கை அகப்பட்டது. பயிற்சி பெற்ற முதலுதவியாளரால் உடனடியாக முதலுதவி அளிக்கப்பட்டது. அதன்கீழ் அவளுடைய பெயரை எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"நான் குடுக்கேல்லையே, சேர்."

"ஓம், தெரியும். ஆனா சட்டப்படி குடுத்ததெண்டு இருக்க வேணும். இல்லாட்டித் தொழிற்சாலையை மூடிப்போடுவினம். அறுபது குடும்பம் நடுத்தெருவில நிக்கும்."

"குடுத்தும் அவள் செத்தாளெண்டால் பிழை என்ர கையில எல்லோ வரும்?"

றொஷான் பேனாவை எடுத்துப் பதிவேட்டின்மேல் வைத்தான். அமிர்தநாயகம்தான் மெல்லச் சொன்னார். "வைச்சு விடன். மகளின்ர படிப்பு உன்ர சம்பளத்திலதானே ஓடுது."

பெற்றிசியாவை அடக்கம் செய்தது நேற்றுத்தான்.

நிறஞ்சலா முதலுதவிப் பயிற்சிக்குப் போனதே அவளுக்குக் கிடைத்த மரியாதையால் அல்ல. இத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் பயிற்சி பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. யார் போவது என்று றொஷான் கேட்டபோது பெண்கள் முகம் சுளித்தார்கள். "இரத்தம், வாந்தி எல்லாம் துடைக்க வேணுமாம்" என்றாள் ஒருத்தி. நண்டு உடைத்துக்கொண்டிருந்த பிரான்சிஸ்கா தலை நிமிராமலே, "அதுக்கு நிறஞ்சலா இருக்கிறாள்தானே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அமிர்தநாயகம் நகரசபைத் துப்புரவுத் தொழிலாளி. அவருடைய தகப்பனும் அப்படித்தான். ஆகவே உலகத்து அழுக்கெல்லாம் அந்தக் குடும்பத்துக்கென்றே எழுதி வைத்தது போல ஒரு நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் ஒரே கிண்ணத்து நற்கருணை அப்பத்தைத்தான் வாங்குகிறார்கள். திங்கட்கிழமை தொழிற்சாலையில் அவளுடைய தேத்தண்ணிக் கோப்பை தனி ஆணியில் தொங்கும்.

மன்னார் பட்டினத்தில் மூன்று நாள் பயிற்சி. அங்கே முன்பின் தெரியாதவர்கள் கட்டுப் போட்டுப் பழக அவளிடம் கையை நீட்டி, "கட்டுங்கோ அக்கா" என்றார்கள். முப்பத்தெட்டு வயதில் அதுதான் முதல் தடவை. அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில் வந்த அழுகை.

பிறகு பச்சைப் பலகை ஒன்றில் வெள்ளைச் சிலுவையும் அவளுடைய படமும் பெயரும் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். வந்த அதிகாரிகள் பார்த்துத் தலையசைத்தார்கள். சட்டத்துக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எட்டு மாதத்தில் எத்தனையோ விரல்கள் நண்டு ஓட்டில் கிழிந்தன. ஒருத்தியும் அவளிடம் வரவில்லை. முதலுதவிப் பெட்டியைத் தாங்களே திறந்து பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பெற்றிசியாவின் சட்டைக் கை இயந்திரத்துப் பட்டியில் சிக்கியது. பட்டியின் மூடியைக் கழற்றி வைத்து இரண்டு மாதமாகியிருந்தது. ஆட்கள் நிறுத்தி வெளியே எடுத்தபோது முழங்கைக்கு மேலே சதை பிளந்து இரத்தம் பாய்ந்தது. நிறஞ்சலா பெட்டியோடு ஓடினாள். புதுக் கையுறையும் போட்டுக்கொண்டாள். குனிந்தவளின் தோளில் பிரான்சிஸ்காவின் கை விழுந்தது. பெற்றிசியா பிரான்சிஸ்காவின் மருமகள்.

"தள்ளு! நீ தொடாத அவளை!"

"மாமி, இறுக்கி அமத்த வேணும். நேரமில்லை, விடுங்கோ!" என்றாள் நிறஞ்சலா.

"பிள்ளைத்தாச்சி அவள். உன்ர கை படக்கூடாது. கோப்பித்தூளைக் கொண்டு வாங்கோடி!"

கோப்பித்தூள் வந்தது. அள்ளிக் காயத்தில் அப்பினார்கள். அது இரத்தத்தோடு வழிந்து தரையில் சேறாகியது. நிறஞ்சலா இரண்டாம் தடவையும் குனிந்தாள். இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து இழுத்தார்கள். "சேர், சொல்லுங்கோ சேர்!" என்று றொஷானைப் பார்த்துக் கத்தினாள். அவன் அந்தப் பெண்களின் முகங்களைப் பார்த்தான். "நீ கொஞ்சம் தள்ளி நில். ஓட்டோ வருது" என்றான்.

ஓட்டோ வரப் பதினெட்டு நிமிடம் ஆனது. சுவரில் அவளுடைய படத்துக்குப் பக்கத்திலேயே மணிக்கூடு இருந்ததால் அவளுக்கு அது தெரியும். அவள் உடைத்த நண்டை எந்த நாட்டு மேசையிலோ ருசித்துத் தின்கிறார்கள். சாகக் கிடந்த ஒரு பிள்ளையைத் தொடத்தான் அந்தக் கை ஆகாமல் போனது. ஆஸ்பத்திரியில் டொக்டர், "ஒருத்தரும் அமத்திப் பிடிக்கேல்லையா?" என்று மட்டும் கேட்டாராம். 

"எழுதுங்கோ அக்கா, நேரமாகுது" என்றான் றொஷான்.

நிறஞ்சலா உள்ளே போய் ஒரு கிளாசில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"வெயிலுக்க வந்திருக்கிறீங்கள். இதைக் குடியுங்கோ. பிறகு கையெழுத்து வைக்கிறன்."

அவன் கிளாசைப் பார்த்தான். வேலிக்கு வெளியே ஒழுங்கையில் ஆள் வருகிறதா என்று பார்த்தான். பிறகு வாங்கி ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

"ஒண்டும் ஆகேல்லைத்தானே சேர்?" அவள் கிளாசைத் திரும்ப வாங்கினாள். "செவ்வாய்க்கிழமையும் ஒண்டும் ஆகியிராது. அவளும் வயித்துப் பிள்ளையும் உயிரோட இருந்திருப்பினம்."

பதிவேட்டைக் கதிரையில் வைத்து, முழங்காலில் நின்று, எழுதியிருந்த வரியை வெட்டினாள். கீழே நிதானமாக எழுதினாள்: 'முதலுதவி செய்யப் போனேன். சாதி சொல்லித் தொட விடவில்லை. பதினெட்டு நிமிடம் உயிரோடு கிடந்தாள்.' கையெழுத்து வைத்து, தன் சான்றிதழ் இலக்கத்தையும் போட்டாள்.

றொஷானின் முகம் கறுத்தது. "உனக்கு வேலை போயிடும், நிறஞ்சலா." அக்கா அதோடு முடிந்தது. "இந்தத் தாளைக் கிழிக்க எனக்கு எவ்வளவு நேரம்?"

"பக்கத்துக்கு இலக்கம் போட்டிருக்கு, சேர். கிழிச்சால் தெரியும். அதுவும் பயிற்சியில சொல்லித் தந்தவை. நாளைக்கு எட்டு மணிக்கு நானும் வாறன். என்ர படம் சுவரில இருக்குத்தானே? ஐயா கேட்டால் நானே சொல்லுறன்."

அவன் பதிவேட்டைப் பறித்துக்கொண்டு போனான். ஒழுங்கை திரும்பும் முடக்கில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து வாயைக் கொப்பளித்துத் துப்பினான். ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. வேலியோரம் நின்று நிறஞ்சலா அதைப் பார்த்தாள்.

அமிர்தநாயகம் துடைத்துப் போட்ட கதிரையில் தானே போய் உட்கார்ந்தார்.

அவள் உள்ளே போய்க் கொடியிலிருந்த தொழிற்சாலை வெள்ளை மேலங்கியை எடுத்தாள். செவ்வாய்க்கிழமை போட்டிருந்தது, இன்னும் தோய்க்கவில்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு இரத்தமும் அதில் இல்லை. அப்படியே மடித்து, நாளைக்குக் கொண்டு போகும் பையில் வைத்தாள்.