கை டீச்சர் தொட்டதெல்லாம்

நகராட்சி அலுவலகத்துச் சுழல்நாற்காலி ஒரு செவ்வாய்க்கிழமை பேசத் தொடங்கியது. அதன் கைப்பிடியில் ஒரு குச்சியைக் கட்டி அ, ஆ முதல் எல்லா எழுத்தும் வரைந்த பலகைக்கு முன்னால் நிறுத்தினார்கள். வாய் பேசாதவர்களின் கையைத் தாங்கி எழுதவைக்கும் கை டீச்சர் அந்தக் கைப்பிடியை அடியில் லேசாகத் தாங்கினாள். நாற்காலி எழுத்தெழுத்தாகத் தொட்டு, ‘என் உள்ளம் ஒரு கடல், என்மேல் அமர்கிறவர்கள் அதன் ஆழம் அறியார்’ என்றது. அன்று மாலையே அதற்குப் புது மெத்தை வாங்க உத்தரவு போட்டார்கள். அடுத்த வாரம், நாலு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத இரும்பு பீரோ அவள் விரல்நுனிக்கு அசைந்து வந்து தன் உள்ளக் கடலின் தனிமையைப் பற்றி எழுதியது. ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. தையல்கார அம்மாவின் மகன் இப்படிப் பலகையில் பேசத் தொடங்கியே நாலு வருஷம் ஆகியிருந்ததால் இதெல்லாம் பழகிப்போயிருந்தது.

அந்தப் பையனுக்கு ஆட்டிசம். பிறந்ததிலிருந்து வாயால் ஒரு வார்த்தை பேசியதில்லை. எது வேண்டுமென்றாலும் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். தண்ணீர் வேண்டுமா, அவள் கையைக் குழாயில் வைப்பான். வெளியே போக வேண்டுமா, தாழ்ப்பாளில் வைப்பான். அவளுக்கோ அவன் வாயால் ஒரு ‘அம்மா’ கேட்டுவிட வேண்டும், அதற்காக எந்தக் கதவையும் தட்டத் தயாராக இருந்தாள். அப்படித்தான் கை டீச்சர் வந்தாள். அவள் பையனின் மணிக்கட்டைத் தாங்கிய முதல் நாளே அவன் விரல் பலகையில் ஓடி, ‘அம்மா, என் உள்ளம் ஒரு கடல்’ என்றது. தையல்கார அம்மா மெஷின்மேல் தலையைக் கவிழ்த்து அழுத அழுகையில், தைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைச் சட்டை நனைந்து உப்புப் பூத்தது. அதன்பிறகு அவன் கவிதை சொன்னான், உலக நடப்பு சொன்னான், தையல் அறை மின்விசிறியின் டக் டக் சத்தம் தனக்குத் தாலாட்டு என்றுகூடச் சொன்னான். எழுதும்போது மட்டும் அவன் பலகையைப் பார்ப்பதேயில்லை, கண் எப்போதும் கூரையில்தான். மேதைகள் மேலேதான் பார்ப்பார்கள் என்றாள் டீச்சர். இவ்வளவு பேசுகிற பிள்ளை இன்னும் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது அம்மாவுக்கே கூச்சமாகிவிட்டது. “இழுக்காதப்பா, அதான் இப்ப அழகா எழுதுறியே. டீச்சர் வரட்டும், அவங்ககிட்ட சொல்லு” என்று கையை விடுவித்துக்கொள்வாள். கொஞ்ச நாளில் அவன் இழுப்பதை நிறுத்திவிட்டான். அதையும் முன்னேற்றத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

எதிர்வீட்டுக்காரியின் பிரிட்ஜ் எழுதிய அன்றுதான் அம்மா மெஷினைப் பாதித் தையலில் நிறுத்தினாள். ‘என் உள்ளம் ஒரு கடல்’ என்றுதான் அதுவும் ஆரம்பித்தது. நாற்காலிக்கும் கடல், பீரோவுக்கும் கடல், என் பிள்ளைக்கும் அதே கடலா? யாரிடமும் சொல்லாமல், பேச்சுப் பயிற்சி டாக்டரிடம் போய் நின்றாள். டாக்டர் ஊர் முன்னிலையில் ஒரு சோதனை வைத்தார். பையனுக்கும் டீச்சருக்கும் நடுவில் ஒரு தடுப்பு. அவனுக்கு ஒரு படம், அவளுக்கு ஒரு படம். பையன் பார்த்தது கத்தரிக்கோல். டீச்சர் பார்த்தது குடை. பலகை ‘குடை’ என்றது. எத்தனை முறை படத்தை மாற்றினாலும் டீச்சர் கண்ணில் பட்டதே பலகையில் வந்தது. நாற்காலியைச் சோதித்தபோதும் அப்படியே.

ஊர் இரண்டுபட்டது. சந்தேகப்பட்டால் யாருக்குத்தான் பேச்சு வரும் என்றது ஒரு கூட்டம். நாற்காலியும் தன் மனம் புண்பட்டதாக எழுதிக் கொடுத்தது. டீச்சரோ உண்மையாகவே இடிந்துபோனாள். “நான் தள்ளலைங்க, சத்தியமாத் தள்ளலை. அவன் கை போறது எனக்குத் தெரிஞ்சுதே” என்று தையல்கார அம்மாவின் தோளில் சாய்ந்து விம்மினாள். அவள் பொய் சொல்லவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். தானும் அந்தக் கை போவதைப் பார்த்தவள்தானே.

வீட்டுக்கு வந்து அம்மா மெஷினில் உட்காரவில்லை. நாலு வருஷக் கவிதை போனது பிள்ளையே செத்ததுபோல வலித்தது. தரையில் மகன் பக்கத்தில் படுத்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வேலையில்லாததால் அவளும் அவன் பார்த்த இடத்தைப் பார்த்தாள். டக், டக், டக். தன் மணிக்கட்டைத் தானே அவன் பக்கம் நீட்டினாள். அவன் வெகுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு பிடித்தான். எழுந்து, அவளையும் எழுப்பி, சுவரோரம் இழுத்துப் போய், அவள் விரலை மின்விசிறியின் சுவிட்சில் வைத்து அழுத்தினான். சத்தம் நின்றது. காதுவரை ஏறியிருந்த அவன் தோள் கீழே இறங்கியது. நாலு வருஷமும் அவன் தோள் அங்கே தூக்கியிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். “இதைத்தான் சொல்ல வந்தியாப்பா” என்றாள். சொல்ல வந்தவனின் கையை உதறியது தான்தான் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அந்தக் கோடை முழுக்க இருவரும் வியர்வையில் குளித்தபடி நிம்மதியாக இருந்தார்கள். நாற்காலி நகராட்சியில் ஆலோசகராகிவிட்டது, பீரோவுக்கு வாசகர்கள் சேர்ந்தார்கள். மின்விசிறியும் கை டீச்சர் மூலமாக ஒரு கடிதம் எழுதி அனுப்பியது. கொண்டுவந்தவர் சொன்னபடி அதற்கும் உள்ளம் கடல்தானாம், சத்தம் அதற்கும் ஆரம்பத்திலிருந்தே பிடிக்காதாம். இருக்கலாம் என்றாள் தையல்கார அம்மா. கடிதத்தை அவள் பிரிக்கவில்லை. மகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.