நூல் கட்டிய அரளி

வேனில் தன் ஆட்சியை முடித்துக்கொண்டு மெல்ல இறங்கும் காலம். பகலெல்லாம் வானம் காய்ச்சிய செம்புத் தகடாய்த் தகித்தது. மாலையில் மேற்கே ஒரு கருமை எழும். பெய்வேன் என்றும் சொல்லாது, பெய்யேன் என்றும் சொல்லாது. துதியின் முதலடியை மறந்தவர் அதைத் தேடித் தேடி நிற்பதுபோல் காற்று வந்து வந்து ஓய்ந்தது. மண் வாய் பிளந்து காத்திருந்தது.

அந்த வீட்டு மண் களிமண். வீடு மேட்டில், வாசற்படியிலிருந்து தெருக் கேட் வரை சரிவு. வெயிலில் அது ஓடு, மழையில் சேறு. போன வருட மழையில் சரிவு மொத்தமும் வழிந்திறங்கிக் கேட்டை அடைத்துக்கொண்டது. பேருந்து ஓட்டுநரான வீட்டுக்காரர் சீருடையோடு மதிலேறிக் குதித்து வேலைக்குப் போனார். திரும்பி வந்ததும் சரிவுக்குச் சிமெண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி தையற்காரி. அவள் மெஷினுக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் அந்தச் சரிவு. அங்கே வண்ணம் வண்ணமாய்ப் பூக்கள் நிற்கவேண்டும், அன்றாடம் தன் கையால் பறித்த ஒன்றை விளக்கின்முன் வைக்கவேண்டும் என்பது அவள் நெடுநாள் வேண்டுதல். கடைப்பூவை வைக்கும்போதெல்லாம் இரவல் வாயால் தொழுவதுபோல் அவள் மனம் கூசும். அதற்காகவே இருமுறை செடி வைத்தாள். களியை ஆழத் தோண்டியெடுத்து, மெத்தை விரித்தாற்போல் மிருதுவான உரமண் நிரப்பி, குழந்தையைக் கிடத்துவதுபோல் நட்டாள். இருமுறையும் ஒன்றும் தப்பவில்லை.

இப்போது சிமெண்டுக்கு அளவெடுக்க அவள் தம்பியே வந்திருந்தான். கொத்தனார். எதைக் கண்டாலும் ஒற்றைக்கண் மூடித் தலை சாய்த்து மட்டம் பார்ப்பதால் வீட்டில் அவன் பெயர் ரசமட்டம்.

“அக்கா, இங்க வாயேன். என் குச்சியில இலை வந்திருக்கு.”

போன வருடமும் நூல் கட்டி அளந்துவிட்டு, பெரிய வேலை கிடைத்ததும் அப்படியே விட்டுப் போனவன் அவன். அந்த அளவுக்குச்சிகளில் ஒன்று, ஜன்னலுக்குத் தெரியாத மதில்மூலைக் களைகளுக்குள் இடுப்புயரம் வளர்ந்து நின்றது. அடியில் அவனுடைய நூல். நுனியில் செந்நிற மொட்டுகள்.

“அரளிடா இது!”

“ஒரு குச்சி குறைஞ்சுது. வேலை நடந்த இடத்துல வெட்டிப் போட்டிருந்த பச்சைக் கிளை ஒண்ணை அடிச்சு இறக்கினேன்.”

“நான் தாலாட்டி வளர்த்ததெல்லாம் போய்ச் சேர்ந்துடுச்சு. நீ சுத்தியலால அடிச்சது பூக்குது.”

“நான் அடிச்சா எதுவும் அசையாதுக்கா.”

“அப்படியா மாப்ள? நீ கட்டின பின்சுவர் சாஞ்சுக்கிட்டே இருக்கே?” என்றார் ஓட்டுநர்.

“சாயலை மாமா. நீங்க நேரா நின்னு பார்க்கறீங்க, அதான்.”

களியில் அடித்தது பிழைக்க, உரமண்ணில் நட்டது ஏன் செத்தது என்று அவள் யோசித்தாள். பட்டுப்போன செடியின் குழியில் ஒரு வாளி நீரை ஊற்றினாள். மாலைவரை நீர் இறங்காமல் நின்றது.

“நான் குழியா தோண்டினேன்? சட்டியில்ல செஞ்சு வெச்சிருக்கேன். வேரெல்லாம் அதுல மூழ்கியே செத்திருக்கு.” கணவரிடம் திரும்பினாள். “என்னங்க, இந்த ஒரு மழை மட்டும் பாருங்க.”

ஓட்டுநர் யோசித்தார். “மழைக்கு மறுநாள் காலையில கேட் திறந்தா பூ. திறக்கலைன்னா சிமெண்ட்.”

“ரோஜா வைக்கலாமாக்கா?”

“வேணாம். அது நிமிஷத்துக்கு ஒருதரம் கூப்பிடும். கூப்பிடாத செடியாச் சொல்லு.”

கீழே ஈரம் தாங்கும் அரளி. மேலே நீர் தேங்காத இடத்தில் செம்பருத்தி. கவனியாமல் விட்டால்தான் பூக்கும் காகிதப்பூ ஓரமெங்கும். நடுவே ஒரு வரப்புபோல் வெட்சி. அதை மட்டும் வேரோடு வாங்கினார்கள். மற்றவை யாவும் வெட்டிய பச்சைக் குச்சிகள். தம்பி நீர் நிரப்பிய குழாயை இருமுனையும் தூக்கிப் பிடித்து மட்டம் பார்த்து, சரிவின் குறுக்கே ஆழமில்லாப் படிகள் வெட்டினான். அக்காள் பழைய சணல் சாக்குகளைப் பிரித்து, ஊசிகள் ஒடிய ஒடிய ஒரே விரிப்பாய்த் தைத்தாள். மண் வழியாதபடி விரிப்பைச் சரிவில் பரப்பி, அந்தப் பச்சைக் குச்சிகளையே முனை சீவி, ஆணிபோல் அதைத் துளைத்து, களிமண்ணில் நேரே அடித்து இறக்கினார்கள்.

“குழந்தைக்குப் போர்வை ரெடி,” என்றான் தம்பி.

“மெதுவா அடிடா.”

“மெதுவா அடிச்சுத்தான் நீ ரெண்டு தரம் கெட்டே.”

சிறு தூறல்கள் வந்துபோயின, குச்சிகள் துளிர்த்தன. பின்னர் ஒருநாள் விளக்கேற்றும் வேளையில் தொடங்கிய பெருமழை விடியும்வரை ஓயவில்லை.

காலையில் ஓட்டுநர் சீருடையோடு இறங்கினார். அவள் படியிலேயே நின்றுவிட்டாள். விரிப்பு பலவிடங்களில் உப்பியிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் கிழிந்துமிருந்தது. படிக்குப் படி தயங்கி, கலங்கல் குறைந்த நீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் கேட்டில் கைவைத்துத் தள்ளினார். கிறீச்சிட்டுக்கொண்டு அது முழுதும் திறந்தது.

“இதுக்கு எண்ணெய் போடணும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் நடந்தார்.

கிழிசலைத் தைக்க உதவலாம் என்று தம்பி வந்தபோது, நூல் கட்டிய அரளியருகே அக்காள் நின்றிருந்தாள். நூலை அவிழ்க்காமல், விரிந்த பூவொன்றை மட்டும் பறித்தாள். உள்ளே சென்று விளக்கின்முன் வைத்து, கண்மூடிக் கைகூப்பி நின்றாள்.

பிறகு வெளியே வந்து, ஈரக்கையைத் தம்பியின் தலையில் வைத்தாள்.

“நல்லா இருடா. நீ அடிக்கிற குச்சியெல்லாம் தழைக்கட்டும்.”