துரைக்கு ஒரு சாதாரண நாள்

மிளகு செத்தது பந்தைத் துரத்திப் போகும்போது. மூன்று வயது டாபர்மேன். பந்து சுவரில் மோதித் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. புல்லில் காலை நீட்டிக் கிடந்தவனை என் மனைவி மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, மூக்கில் வாய் வைத்து ஊதிக்கூடப் பார்த்தாள். கால்நடை மருத்துவர் அம்மா அறுத்துப் பார்த்தார். இதயம் ஊதித் தொளதொளத்துப் போயிருந்ததாம். இந்த இனத்தில் பெற்றோர் வழியாக வரும் நோய் இது, இவனுடைய அப்பனைச் சோதிக்காமல் இனி இணை சேர்க்கவே கூடாது என்றார்.

அப்பன் துரை, என் மைத்துனனின் நாய். பட்டாளத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன் மைத்துனன். மீசைக்காக எல்லோரும் கர்னல் என்பார்கள். நாய்ப்பண்ணை வைத்திருந்தான். துரையின் குட்டி என்றால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்.

என் மனைவி அன்றே தம்பியைப் போனில் கூப்பிட்டாள்.

“துரைக்கு நெஞ்சு பார்த்தாச்சுக்கா. சர்டிபிகேட்டே இருக்கு.”

“எப்ப பார்த்த?”

“ஒரு வயசுல.”

“இப்ப அதுக்கு ஆறு. ஒரு வயசுல உனக்கு நாலு பல்லுதான் இருந்துச்சு. இன்னும் அதை வச்சுக்கிட்டா சாப்பிடுற?”

முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தான். ஒரு சிறிய பெட்டியை நாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். பகலும் இரவும் இதயம் துடிப்பதை அது பதிந்துகொள்ளும். கட்டி அழைத்துப் போனான், மறுநாள் கொண்டுவந்தான். குறையே இல்லை. ஆனால் மருத்துவர் அம்மாவின் முகம் மலரவில்லை.

“நாள் முழுக்க ஒரே சீரா இருக்கே. நாய் என்ன பண்ணுச்சு?”

“படுத்திருந்துச்சு டாக்டர்,” என்றான் கர்னல் பெருமையாக. “இருட்டு ரூம்ல ஃபேனைப் போட்டு, நானே பக்கத்துல உட்கார்ந்து தடவிக் கொடுத்தேன். ரத்தம் எடுக்க வெறும் வயித்தோட போறமே, அந்த மாதிரி.”

ஏமாற்றவேண்டும் என்று செய்யவில்லை. சோதனை என்றால் அப்படித்தான் என்று நம்பினான். என் மனைவிக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

“திருட்டுத்தனம் பண்ணியிருந்தாக்கூட ரெண்டு அறை விட்டுட்டு மன்னிச்சிருப்பேன். பரீட்சை நேரத்துல பிள்ளையத் தூங்க வச்சுட்டு, தப்பே எழுதலைன்னு மார்தட்டுறியே.”

வழக்கமாக நடக்கும் ஒரு நாளில்தான் பெட்டியைக் கட்டவேண்டும், நெஞ்சை ஸ்கேனும் செய்யவேண்டும் என்றார் மருத்துவர் அம்மா. கர்னல் தலையைச் சொறிந்தான். மரக்கடைக்காரரின் பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டது, சனிக்கிழமை கூட்டிவருகிறார், அது முடியட்டும் என்றான். என் மனைவி அவன் கையிலிருந்து நாயின் வாரைப் பிடுங்கினாள்.

“சனிக்கிழமை வரைக்கும் இவன் எங்க வீட்டுல இருக்கட்டும்.”

எங்கள் வீட்டில் துரை நாயாக இருந்தான். நெஞ்சில் பெட்டியோடு தபால்காரரைப் பார்த்துக் குரைத்தான், மாடிப்படி ஏறி இறங்கினான், பூனையை மதில்வரை விரட்டினான். பந்து எறிய மட்டும் அவளுக்குக் கை வரவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. பெட்டி சொன்னதை மருத்துவர் அம்மா திரையில் காட்டினார்: ஓரிடத்தில் சீராகப் போகும் கோடு, அடுத்த இடத்தில் தாளம் தப்பிக் கொத்துக் கொத்தாகத் துள்ளியது. ஸ்கேனிலும் இதயம் பெருத்திருந்தது. மருந்து கொடுத்தால் கொஞ்ச காலம் இருப்பான். இணை சேர்க்கக் கூடாது.

சனிக்கிழமை துரையோடு பண்ணைக்குப் போனோம். மரக்கடைக்காரரின் வேன் முற்றத்தில் நின்றது. முடிவைக் கேட்டதும் கர்னல் அக்காவை ஓரமாக அழைத்துப் போனான்.

“இந்த ஒரு தடவைக்கா. வாக்குக் குடுத்துட்டேன். எல்லாக் குட்டிக்குமா வரப்போகுது? மிஞ்சினா பாதிக்கு வரும்.”

“அந்தப் பாதியை யார் யார் வீட்டுக்கு அனுப்புவ? அதையும் இப்பவே சொல்லிடு.”

அவள் நேராக வேனிடம் நடந்தாள்.

“ஐயா, இந்த நாய்க்கு நெஞ்சு கெட்டிருக்கு. இதோட பிள்ளைய எங்க தோட்டத்துலதான் புதைச்சிருக்கோம். உங்க பொண்ணுக்கு வேற எடம் பாருங்க.”

மரக்கடைக்காரர் கர்னலைப் பார்த்தார். “சோதிச்சாச்சுன்னு சொன்னீங்களே?”

“சோதிச்சேன் சார். சுத்தமா வந்துச்சு. அக்காவுக்கு, நாய் போனதுலேர்ந்து மனசு சரியில்ல. பெருசா எடுத்துக்காதீங்க.”

எனக்கு இன்றும் ஆறாதது இந்தச் சொல்தான். அவள் ஒருத்திக்குத்தான் அந்த முற்றத்தில் மனசு சரியாக இருந்தது. அடக்கம் செய்த கையோடு அழுது ஓய்ந்திருந்தால் நல்ல அக்கா. அழுகையை விட்டுவிட்டுக் கேள்வி கேட்டதால் பைத்தியம்.

மரக்கடைக்காரர் வேனைத் திருப்பினார். புழுதி அடங்கும்வரை கர்னல் மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு துரையின் வாருக்குக் கை நீட்டினான். “அடுத்த வாரம் வேற ஆளு வர்றார். நாயக் குடு.”

அவள் கொடுக்கவில்லை. எங்கள் காரை நோக்கி நடந்தாள்.

“அது என் நாய்க்கா.”

“உன் நாயா இருந்திருந்தா அதோட நெஞ்சைப் பார்த்திருப்ப.”

“மாமா, நீங்களாவது சொல்லுங்க.”

நான் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்தேன்.

துரை எங்களிடம் வேளாவேளைக்கு மாத்திரை தின்றுகொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தான். அவனுக்கு இன்னொரு குட்டி பிறக்கவில்லை. அவளும் இப்போது இல்லை. சொந்தக்காரர் வீடுகளில் கர்னல் இன்னமும் சொல்லித் திரிகிறான், அக்கா தன் நாயைத் திருடிக்கொண்டு போய்விட்டாள் என்று. ஆமாம், திருடினாள். காரின் கதவைத் திறந்து பிடித்தவன் நான்.