உடைந்த மணிக்கட்டுக்கு ஒரு துப்பாக்கி

ஷெல்பி என் கடைக்குள் வந்ததும் வராததுமாக, கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஊதா நிறக் குட்டித் துப்பாக்கியைக் காட்டினாள். இந்த நாக்ஸ்வில் ஊரில் துப்பாக்கி வாங்க வரும் பெண்களில் பாதிப் பேர் அதைத்தான் காட்டுவார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிறதாம், சட்டைக்குள் தெரியாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பாக்கத்தான் அழகு கண்ணு. துப்பாக்கி சிறுக்கச் சிறுக்க உதை ஜாஸ்தி. யாருக்குப் பயந்து வாங்கற?"

"பயந்து வாங்கறேன்னு யார் சொன்னது?"

"மான் சுடப் போறவ வாசலை இப்படித் திரும்பித் திரும்பிப் பாக்க மாட்டா."

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை, அழுதுவிட்டாள்.

"என் பழைய புருஷன், ட்ராவிஸ். குடிச்சிட்டு வண்டி ஓட்டி உள்ள போனவன். இன்னிக்கு சாயங்காலம் வெளிய வர்றான். முதல் வேலையா உன்னைத்தான் பாக்க வருவேன்னு ஃபோன்ல சொல்றான்."

"போலீஸ்ல சொல்லலியா?"

"சொன்னேன் வெர்னா அக்கா. அவன் வீட்டுக்கு வந்ததும் கூப்பிடுங்கறாங்க."

"வந்ததுக்கு அப்புறமா? நல்லா இருக்குடி நியாயம்!"

கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்கிற கூடம் இருக்கிறது. சுட்டுப் பார்க்காமல் யாருக்கும் நான் விற்பதில்லை. ஊதாவை ஒதுக்கிவிட்டு, கொஞ்சம் கனமான, எப்போதும் மக்கர் பண்ணாத ஒன்றைக் கொடுத்தேன். முதல் குண்டு பாய்ந்தது. இரண்டாவது பாயவில்லை. காலித் தோட்டா வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. எடுத்துவிட்டேன், மறுபடியும் சிக்கியது. அவள் முகம் வெளிறிப்போனது.

"இதான் நம்பகமானதா?"

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. மணிக்கட்டு தொய்ஞ்சு போச்சுன்னா அது அடுத்த குண்டை ஏத்தாது. கையை விறைப்பா வை."

"வைக்க வராதுக்கா." வலக்கையைத் திருப்பிக் காட்டினாள். மணிக்கட்டு எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. "அவன் முறுக்கினதுதான்."

நான் உள்ளே போய் ஒரு சின்ன ரிவால்வரை எடுத்து வந்தேன். அதற்குக் கை விறைப்பெல்லாம் வேண்டாம், விசையை அழுத்தினால் போதும், சுடும். விசைதான் கனம். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்தினாள். ஐந்து குண்டும் பாய்ந்தன. ஐந்தும் குறி அட்டையில் வரைந்த ஆளின் நெஞ்சுப் பக்கம். கடைக்கு வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் மூச்சு விட்டாள். இடுப்பில் செருகும் உறையையும் அவளே தேர்ந்தெடுத்தாள். கைப்பை வேண்டாமாம், மூன்று வயது மகள் எந்நேரமும் அதைக் குடைவாளாம்.

பிறகு அரசாங்கப் படிவம். மளமளவென்று நிரப்பிக்கொண்டே வந்தவளின் பேனா ஓர் இடத்தில் நின்றது. குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்வி.

"அக்கா, இதுக்கு என்ன போடறது?"

"இல்லைன்னு போடு. அடி வாங்கினவ நீதானே?"

"அன்னிக்கு ரெண்டு பேரையுமே பிடிச்சிட்டுப் போனாங்க. அவன் மூஞ்சில என் நகக்கீறல் இருந்தது. என் எலும்பு உடைஞ்சது வெளிய தெரியல. குத்தத்தை ஒத்துக்கிட்டா இன்னிக்கே பிள்ளைகிட்ட போயிடலாம்னு வக்கீல் சொன்னார். ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

ரிவால்வரை மெல்ல என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"விக்க முடியாது கண்ணு. நீ ஒத்துக்கிட்டாலே அது தண்டனைக் கணக்குதான். உன் கையில இது இருந்தாலே குத்தம்."

"பிள்ளைக்காகத்தானே ஒத்துக்கிட்டேன்!"

"தெரியுது. சட்டம் அதைக் கேக்காது."

"அப்ப உங்க இடுப்புல செருகியிருக்கற உங்க சொந்தத் துப்பாக்கியையாவது குடுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கால்ல விழறேன்."

அவள் உண்மையாகவே குனிந்தாள். நான் தோளைப் பிடித்து நிறுத்தினேன். கொடுத்தால் நானும் உள்ளே போவேன், இவளும் போவாள், பிள்ளை அவனிடம் போகும். இதைச் சொன்னதும் அடங்கிப்போனாள். பிறகு சின்னக் குரலில் கேட்டாள்.

"அவனும் வாங்க முடியாதுல்ல?"

"அன்னிக்கு அவன் மேல போட்ட கேஸ் என்ன ஆச்சு?"

"பொது இடத்துல ரகளைன்னு மாத்திட்டாங்க. அபராதம் மட்டும் கட்டினான். கிட்ட வரக்கூடாதுங்கற உத்தரவும் போன மாசத்தோட முடிஞ்சுது."

நான் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்துவிட்டு வண்டி ஓட்டியது அதற்குத் தடையில்லை, அவனால் வாங்க முடியும். என் கடையிலேயே, இதே பெட்டியிலிருந்து வாங்க முடியும்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவில் 'மூடப்பட்டது' பலகையைத் திருப்பிப் போட்டேன். "கெளம்பு. என் இடுப்புல இருக்கற இதை உனக்குக் குடுக்கத்தான் கூடாது. இதைக் கட்டிக்கிட்டு உன் வீட்டு சோபாவில நான் உக்காரக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. உன் வாசப்படியில அவன் கால வைக்கட்டும், பாத்துக்கறேன்."

வண்டியில் ஏறியதும் உடைந்த கையை மறு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு நீங்க இருக்கீங்க அக்கா. நாளைக்கு?"

நான் வண்டியைக் கிளப்பினேன்.