சென்டர் ஞானத்தைக் கேட்கவேண்டும்

வலது காலின் பெருவிரல் வளைந்திருந்தபடியால் கட்டு நிற்கவில்லை. மதிவதனா வெள்ளைத் துணியை அவிழ்த்து, இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துப் பிடித்து, இன்னொரு முறை முடிச்சுப் போட்டாள். கையை எடுத்ததும் அது பழையபடி நழுவிற்று. பந்தை உதைத்து உதைத்து நகம் கறுத்து, ஒரு பக்கமாகத் திரும்பிப்போன விரல். உயிரோடிருந்தபோது எந்தச் சப்பாத்துக்கும் அடங்காதது, இப்போது ஒரு முழத் துணிக்கா அடங்கப்போகிறது?

"விடுங்கோ அக்கா, நான் கட்டிறன்" என்றார் பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர்.

"வேண்டாம் தம்பி. கலியாணம் கட்டின நாளில இருந்து இந்தக் காலோட மல்லுக்கட்டினவள் நான். இண்டைக்கு ஒரு நாள்தானே."

அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. முந்தாநாள் பின்னேரம் துறைமுகத்தில் இழுவைப் படகு வேலை முடிந்து வந்த மனிதர், கதிரையில் இருந்துகொண்டு தண்ணீர் கேட்டார். அவள் குசினியிலிருந்து செம்போடு வருவதற்குள் தலை சரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் ஓடியதெல்லாம் மனம் கேளாமல் ஓடியதுதான். அதற்குப் பிறகு அவள் கண்மூடவில்லை. வருகிறவர்களெல்லாம் கட்டிப்பிடித்து "என்னெண்டு நடந்தது?" என்று கேட்க, அவளும் அந்தச் செம்பிலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி, இப்போது அது வேறு யாரோ வீட்டுக் கதை போல வாயிலிருந்து தானாக வந்துகொண்டிருந்தது. நெஞ்சு மட்டும் இன்னும் அதை நம்பவில்லை.

விரல்கட்டு ஒருவழியாக இறுகியபோதுதான் வீதியில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ வந்தது. காலையிலிருந்து ஊரைச் சுற்றி மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டிருந்த அதே ஓட்டோ. ஆனால் வாசகம் மாறியிருந்தது.

"...நீரலை விளையாட்டுக் கழகத்தின் முன்னாள் அணித்தலைவர், சென்டர் ஞானம் என்று அன்போடு அழைக்கப்பட்ட அமரர் ஞானசேகரம் அவர்களின் பூதவுடல், வீட்டுக்கிரியைகளைத் தொடர்ந்து கழக மைதானத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, கழகக் கொடி போர்த்தப்பட்டு, நிர்வாகத்தினரின் அஞ்சலி உரைகளின் பின்னர்..."

பந்தலுக்குள் இருந்தவர்கள் வீதிப்பக்கம் திரும்பினார்கள். மகள் கௌசிகா அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"அம்மா, உதுக்கு ஆர் ஓமெண்டது? நீங்களோ?"

"எனக்கும் இப்பத்தான் தெரியும்."

"எங்கட வீட்டுப் பிரேதம் எங்க போகப்போகுது எண்டு எங்களுக்கு ஓட்டோக்காரன் வந்து சொல்லவேணும். நல்லாயிருக்கு!"

மதிவதனாவுக்குக் கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. கழக நிர்வாகம் திருந்தவில்லை என்று மட்டும் நினைத்தாள்.

சென்டர் ஞானத்தைப் பற்றி இந்தப் பகுதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோல் அடித்தவர்களின் பெயர் பத்திரிகையில் வரும். ஆனால் பந்து யாருடைய காலுக்குப் போகவேண்டுமென்று நடுவில் நின்று தீர்மானித்தவர் அவர். நிமிர்ந்து ஒரு பார்வை, காலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். பெரிய வேகமெல்லாம் கிடையாது. "ஓடுறதுக்குப் பொடியள் இருக்கிறாங்கள், நான் என்னத்துக்கு ஓடவேணும்?" என்று கேட்கிற ஆள். நாற்பது வயது வரைக்கும் நீரலைக்கு ஆடினார். படகில் இரவு வேலை செய்துவிட்டுத் தூங்காமல் போய் ஆடினார். கௌசிகா பிறந்த அன்றைக்கும் ஆடினார், பாவி மனிதர். அதை மதிவதனா அவர் சாகும்வரைக்கும் சொல்லிக் காட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

பிறகு மாவட்ட இறுதி ஆட்டம் வந்தது. அதற்கு முதல்நாள் நிர்வாகம் கூடி, இந்த முறை நடுவில் கந்தளாய்ப் பொடியனை இறக்குவதென்று முடிவெடுத்தது. எடுத்த முடிவை எல்லாருக்கும் சொன்னது, ஞானசேகரத்தைத் தவிர. அவர் வழமைபோலக் காலைத் தேய்த்து எண்ணெய் போட்டு, மைதானத்துக்குப் போய், உடுப்பு மாற்றி, வரிசையில் நிற்கப் போனபோது அவருடைய இடத்தில் இன்னொருவன் நின்றான். கையில் தலைவர் பட்டியும் கட்டியிருந்தான். சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஞானசேகரம் சட்டையைக் கழற்றி, மடித்து, வாங்குப் பலகையில் வைத்துவிட்டு, பெனியனோடு சந்தைக்குள்ளால் நடந்து வீட்டுக்கு வந்தார்.

"வயசு போட்டுது, முழங்கால் போட்டுது, எனக்குத் தெரியாதே மதி?" என்றார் அன்றைக்கு. "நில்லு எண்டா நிண்டிருப்பன். தண்ணிப் போத்தில் தூக்கு எண்டாலும் தூக்கியிருப்பன். கேக்கேல்லையே. ஒருத்தனும் என்னைக் கேக்கேல்லையே."

அதற்குப் பிறகு அவர் மைதானத்துப் பக்கம் போகவில்லை. வேலைக்குப் போகும்போதுகூடச் சுற்றுவழியால் போவார். போகட்டும், ஒரு கழகம்தானே என்று விட்டுவிடலாம். விட முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த நிர்வாகத்தின் தலைவர் பாக்கியரத்தினம், மதிவதனாவின் கூடப்பிறந்த அண்ணன்.

ஞானசேகரத்தின் தமக்கை சீதேவி வெருகலிலிருந்து விடியவே வந்திருந்தாள். அவள் மெல்ல வந்து மதிவதனாவின் காதருகில் குனிந்தாள்.

"மதி, ஐயர் அவசரப்படுத்திறார். உன்ர கொண்ணர் இன்னும் கோடி கொண்டு வரேல்லையே?"

அதுதான் பெரிய சிக்கல். புருசனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வரவேண்டும். அதை அண்ணனோ தம்பியோதான் கொண்டுவரவேண்டும். கோடி போடாமல் பிரேதம் எடுக்கமாட்டார்கள். மதிவதனாவுக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணன். அவரோ இந்தப் படலையைத் தாண்டி வருசக்கணக்காகிறது. தங்கச்சியும் தமையனும் கோயிலில் கண்டால் கதைப்பார்கள். மச்சானும் மச்சானும் கண்டால் ஆளுக்கொரு பக்கம் கடலைப் பார்ப்பார்கள்.

"வருவார் மச்சாள்" என்றாள் மதிவதனா. "செத்த வீட்டுக்கு வராமல் விடமாட்டார். பேசுறதுக்கு மைக் இருக்கெல்லே."

வந்தார். கழகத்து ஆட்கள் பின்னால் வர, வெள்ளை வேட்டி சட்டையோடு பாக்கியரத்தினம் பந்தலுக்குள் நுழைந்தார். கலியாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் செத்த வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர் என்று ஊர் அவரைச் சொல்லும். ஊர் வாய்க்கென்ன? ஆனால் இன்றைக்கு அவர் அப்படி வரவில்லை. முகம் வீங்கியிருந்தது. கையில் ஒரு பை. அதற்குள்ளிருந்து கோடிச் சேலையை எடுத்தார். சேலையோடு சேர்ந்து நீலமும் வெள்ளையுமாகக் கழகக் கொடியும் வந்தது. இரண்டையும் ஒன்றாகவே மடித்து வைத்திருந்தார்.

மதிவதனா சேலையை மட்டும் எடுத்தாள். சீதேவி அதை வாங்கி அவளுடைய தோளில் போட்டாள். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அண்ணனின் கையில் கொடி மிஞ்சிக் கிடந்தது.

"பிள்ளை மதி" என்றார் அவர், தணிந்த குரலில். "கிரவுண்டில எல்லாம் ஆயத்தம். மேடை போட்டாச்சு. கந்தளாயில இருந்தும் ஆக்கள் வந்திட்டினம். ஒரு அரை மணித்தியாலம். கொடியைப் போட்டு..."

"ஆரைக் கேட்டனீங்க?" இடையில் விழுந்தாள் கௌசிகா. "மாமா, உங்களைத்தான். அம்மாவைக் கேட்டனீங்களோ? என்னைக் கேட்டனீங்களோ? அண்டைக்கு அப்பாவுக்குச் செய்ததைத்தானே இண்டைக்கும் செய்யிறீங்க!"

கழகச் செயலாளர் லாபிர் முன்னுக்கு வந்தார். ஞானசேகரத்தோடு கோல் காவலராக ஆடியவர். "மகள், பிழை எங்களிலதான். அண்டைக்கு நான் சொல்லுவன் எண்டு இவர் நினைச்சார். மச்சான்காரன்தானே, இவரே சொல்லுவார் எண்டு நான் நினைச்சன். ரெண்டு பேரும் சொல்லேல்லை."

"தங்கச்சியின்ர புருசனிட்ட, நீ வேண்டாம் எண்டு எந்த வாயால சொல்லுறது?" என்றார் பாக்கியரத்தினம். "வீட்டுக்குச் சம்பந்தம் செய்த மனுசன். எத்தினை தரம் படலை மட்டும் வந்திட்டுத் திரும்பிப் போனனான் எண்டு உனக்குத் தெரியுமே மதி?"

அடக் கடவுளே, என்று மதிவதனாவுக்கு இருந்தது. மரியாதை! மரியாதைக்குப் பயந்து ஒரு மனிதனைச் சந்தைக்குள்ளால் பெனியனோடு நடக்க விட்டவர்கள். அவளுக்குக் கத்தவேண்டும் போல் வந்தது. அண்ணனின் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் வந்தது. அதற்குப் பதிலாகப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"என்னைக் கேக்கத் தேவையில்லை அண்ணை. கௌசியையும் கேக்கத் தேவையில்லை. அவரைக் கேளுங்கோ."

"ஆரை?"

"அவரைத்தான். உங்கட ஆட்டக்காரனை. கிரவுண்டுக்கு வாறியோ எண்டு கேளுங்கோ. அண்டைக்குக் கேக்கவேண்டியதை இண்டைக்கு எண்டாலும் கேளுங்கோ."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? சனம் பாக்குது..."

"அண்டைக்கும் சனம் பாத்ததுதானே."

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவரும் ஒதுங்கி நின்றார். பாக்கியரத்தினம் லாபிரைப் பார்த்தார். லாபிர் நிலத்தைப் பார்த்தார். இந்த முறை வேறு ஒருவர் சொல்லுவார் என்று விட்டுவிட வழியில்லை.

பாக்கியரத்தினம் பெட்டியருகே போனார். கொடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டு குனிந்தார். நாடிக்கட்டோடு கிடந்த அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்து எவ்வளவு காலமாயிற்றோ. மீசை முழுக்க நரைத்திருந்தது.

"ஞானம்" என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் தொடங்கினார். "மச்சான்... கிரவுண்டுக்கு வாறியே?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு கிழவி விம்மினாள். கேட்டவர் குனிந்தபடியே நின்றார், பதில் வரும்வரைக்கும் நிமிர அனுமதி இல்லாதவர் போல.

மதிவதனா புருசனின் முகத்தைப் பார்த்தாள். 'வரமாட்டார். நேரே சுடலைக்குக் கொண்டு போங்கோ' என்று சொல்லவேண்டுமென்றுதான் அவள் நினைத்திருந்தாள். வார்த்தையும் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொன்னால் இத்தனை வருசச் சுற்றுவழிக்கும் ஒரு கணக்குத் தீரும். கௌசிகாவும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றாள். ஆனால் இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா? பின்னேரங்களில் மைதானத்துப் பக்கமிருந்து காற்று வீசினால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவருடைய கை சோற்றுக் கோப்பையில் நின்றுவிடும். யாராவது படலையில் நின்று இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், கேட்டு முடிக்கிறதுக்கு முதல் சப்பாத்தைத் தேடியிருப்பார். வெட்கம் கெட்ட மனிதர். ரோசமெல்லாம் வாயில்தான். அவருக்காக அவள் ரோசப்படலாம். அவருடைய பதிலை மாற்றிச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள்.

"அம்மா!"

"விடு பிள்ளை. கேட்டாச்சு."

பாக்கியரத்தினம் நிமிர்ந்தார். கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது. கக்கத்திலிருந்த கொடியை எடுத்து விரிக்கப்போனார்.

"அது வேண்டாம் அண்ணை. அதை நீங்களே வைச்சிருங்கோ. மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். நடுவில கொஞ்ச நேரம் இறக்கி வையுங்கோ. அவர் நிக்கிற இடம் உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும்" என்றார் லாபிர்.

வாய்க்கரிசி போட்டார்கள். கௌசிகா கடைசியாகப் போட்டாள். போட்டுவிட்டு அப்பாவின் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. சீதேவிதான் விரல் விரலாக எடுத்துவிட்டாள். பெட்டியை மூடும்போது மதிவதனா அழுதாளென்று சொல்ல முடியாது. தொண்டையில் சத்தம் மிச்சமில்லை. வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். கழகத்து ஆட்களும் துறைமுகத்து ஆட்களும் சேர்ந்து தூக்கினார்கள். முன்பக்கம் ஒரு மூலையில் பாக்கியரத்தினம் தோள் கொடுத்தார். அறுபது வயது மனிதர், பாரம் தாங்காமல் ஒரு பக்கம் சரிந்து நடந்தார். மாற்றிக்கொள்ள வந்தவரைத் தலையை ஆட்டி அனுப்பினார்.

பெண்கள் படலையோடு நின்றார்கள். பறை முன்னால் போனது. தெருமுனையில் வலப்பக்கம் திரும்பினால் சுடலை. ஊர்வலம் அதில் ஒரு கணம் தயங்கிவிட்டு, இடப்பக்கம் திரும்பியது. கடைசி ஆளின் வெள்ளைச் சட்டையும் மதிலுக்குப் பின்னால் மறைந்தபோது கௌசிகா தாயின் தோளில் முகத்தைப் புதைத்தாள். மதிவதனா அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். வெயில் தார் வீதியில் கொதித்தது.

சீதேவி வாளியில் மஞ்சள் தண்ணீரோடு வந்தாள். செத்த வீட்டில் அடுத்த வேலை அதுதானே.

"மதி, வீட்டைக் கழுவுவமே? அவங்கள் சுடலையால வாறதுக்குள்ள முடிக்கவேணும்."

"அவசரமில்லை மச்சாள்" என்றாள் மதிவதனா. "கிரவுண்டுக்குப் போனா அந்த மனுசன் ஒருநாளும் நேரத்துக்கு வெளிக்கிட்டதில்லை."

மைதானத்துப் பக்கம் பறைச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது. மதிவதனா வாசற்படியில் குந்தினாள். சீதேவி வாளியை இறக்கி வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.